இடுப்புக்கும் தேய்மானம் உண்டு

ஐ.நா. பொதுச் சபை 2014 டிசம்பரில் எடுத்த முடிவின்படி, 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21-ஆம் நாள் உலக யோகா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று மைதானங்களில் வரிசை வரிசையாக மக்கள் நின்றும் அமர்ந்தும் ஆசனங்கள் செய்கிறார்கள். பார்ப்பவர் கண்ணில் படுபவை உயர்ந்த கைகளும் நிமிர்ந்த முதுகும்தான். கையும் முதுகும் அவ்வாறு அமைவதற்கு அடிப்படையான உறுப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த உறுப்பு இடுப்பு.

யோகப் பயிற்சியில் ‘மாலாசனம்’ என்றோர் இருக்கை உண்டு. பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தரைக்கு அருகே இறக்கி அமர்வது. நாட்டு வழக்கில் இதற்குக் ‘குத்தவைத்து உட்காருவது’ என்று பெயர். பெருநகரங்களில் இதைக் கற்றுக்கொள்ளக் கட்டணம் கட்டுகிறார்கள். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் உள்ள கரிசல் காடுகளில் களையெடுக்கும் பெண்கள் இதே இருக்கையில் கூலிக்காக நாள் முழுவதும் நகர்கிறார்கள். ஒரே இருக்கை ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நோயாகவும் எவ்வாறு ஆகிறது? இடுப்பின் இயக்கத்தை அறிந்தால்தான் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

பேச்சில் இடுப்பு என்று நாம் குறிப்பது ஆடை கட்டும் இடத்தை. உடற்கூறியலில் அது ஓர் எலும்புக்கூடு. அடிப்பக்கம் திறந்த ஒரு பாத்திரம் போன்றது. இரு பக்கமும் இரண்டு இடுப்பெலும்புகள். பின்புறம் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக இணைந்து உருவான முக்கோண எலும்பு. அதன் நுனியில் வால் எலும்பு. குழந்தைப் பருவத்தில் ஒவ்வோர் இடுப்பெலும்பும் மூன்று தனி எலும்புகளாக இருந்து, பதின்பருவத்தில் ஒன்றாகிறது. உடலின் மேற்பாதியைத் தாங்குவதும், அந்தச் சுமையை இரு கால்களுக்கும் பகிர்ந்து தருவதும், சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் காப்பதும் இந்தக் கூட்டின் வேலை.

மனிதன் இரு காலில் நிமிர்ந்ததும் இதனால்தான். 1974-இல் எத்தியோப்பியாவில் கண்டெடுக்கப்பட்டு ‘லூசி’ எனப் பெயரிடப்பட்ட, சுமார் 32 லட்சம் ஆண்டுகள் பழைமையான எலும்புகளில் இடுப்பெலும்பும் இருந்தது. அது குரங்குகளுக்கு உள்ளதுபோல் நீண்டு குறுகியதாக இல்லை. குட்டையாகவும் அகன்றும் இருந்தது. மூளை பெரிதாவதற்கு வெகுகாலம் முன்பே நம் முன்னோர் நிமிர்ந்து நடந்தனர் என்பதற்கு அது முக்கியச் சான்றாயிற்று.

இடுப்பெலும்பில் உள்ள ஆழமான குழிக்குள் தொடை எலும்பின் உருண்டையான தலை பொருந்தியிருக்கிறது. இந்த மூட்டு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையும், சுழலவும் செய்யும். முழங்கால் அப்படியன்று, ஏறக்குறைய கதவுக் கீல்போல மடங்கவும் நீளவும் மட்டுமே பெரிதும் உதவுவது. யோகப் பயிற்சியில் நேரும் முழங்கால் காயங்கள் பலவற்றுக்கு இந்த வேறுபாட்டை அறியாமையே காரணம்.

பத்மாசனத்தை எடுத்துக்கொள்வோம். பாதம் எதிர்த் தொடையின் மேல் ஏற வேண்டுமானால், தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் வெளிப்புறமாக நன்கு சுழல வேண்டும். சுழலாதபோது பாதத்தைக் கையால் இழுத்து வைத்தால், இடுப்பு தராத திருப்பத்தை முழங்கால் தர நேரிடுகிறது. அங்குள்ள குருத்தெலும்பு வட்டு நசுங்கிக் கிழிகிறது. இடுப்புக் குழியின் ஆழமும் அது நோக்கும் திசையும், தொடை எலும்புக் கழுத்தின் கோணமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். தசை இறுக்கத்தைப் பயிற்சியால் தளர்த்தலாம். எலும்பின் அமைப்பைப் பயிற்சியால் மாற்ற முடியாது. எனவே, எவ்வளவு முயன்றாலும் சிலருக்குப் பத்மாசனம் வாய்ப்பதில்லை. அது விடாமுயற்சியின் குறைவும் அன்று, தகுதியின் குறைவும் அன்று.

முன்புறம் குனியும் ஆசனங்களிலும் இதே கதைதான். குனிவது என்றால் முதுகை வளைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், இடுப்புக்கூடு முழுவதும் தொடை எலும்புகளின் மேல் முன்னோக்கிச் சாய வேண்டும். தொடையின் பின்புறத் தசைகள், நாம் அமரும்போது தரையில் படும் எலும்பு முனைகளிலிருந்து தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன. அவை இறுகியிருந்தால் இடுப்புக்கூட்டைப் பின்னோக்கிப் பிடித்து இழுக்கும். அப்போதும் கால் விரலைத் தொட்டே தீருவேன் என்று முனைபவர் கீழ் முதுகை வளைக்கிறார். முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் அந்தச் சுமையை ஏற்கின்றன. மடித்த போர்வை ஒன்றைப் பிட்டத்தின் கீழ் வைத்துச் சற்று உயர்ந்து அமர்ந்தாலே இடுப்பு முன்சாயும். முதுகு தானாக நிமிரும். சம்மணமிட்டால் கூன் விழுகிறதே என்று வருந்துவோருக்கும் இந்த எளிய உபாயம் பயன்படும்.

இடுப்புக்கூட்டின் திறந்த அடிப்பகுதியை ஊஞ்சல் துணிபோல் தாங்கி நிற்கும் தசைத்தொகுதி ஒன்று உண்டு. அதை இடுப்புத்தளத் தசைகள் என்பர். மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானத்தோடு சேர்ந்து இதுவும் சற்றுக் கீழிறங்கும், வெளிவிடும்போது மேலெழும். 15-ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ‘ஹடயோகப் பிரதீபிகை’ கூறும் மூலபந்தம் இப்பகுதியைச் சுருக்கி உயர்த்தும் பயிற்சியே. அமெரிக்க மகளிர் மருத்துவரான அர்னால்டு கெகல், மகப்பேற்றுக்குப் பின் இத்தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை 1948-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். இரண்டின் நோக்கமும் வேறு. இயங்கும் தசைகள் பெரும்பாலும் ஒன்றே.

பதஞ்சலி தம் யோக சூத்திரங்களில் ஆசனத்துக்கு ஒதுக்கியவை மூன்று சூத்திரங்களே. திருமூலர் சிறப்பித்துச் சொல்லும் சுகாசனம், வீராசனம், கோமுகாசனம் போன்றவை பெரும்பாலும் அமரும் நிலைகள். அசையாமல், அதே வேளையில் வருந்தாமல் நெடுநேரம் அமர்வதே அன்றைய நோக்கம். அதற்கு இடுப்பு இணங்க வேண்டும். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்த ரமண மகரிஷி, 1896-இல் திருவண்ணாமலையை அடைந்து கோயிலின் பாதாள லிங்கச் சந்நிதியில் தன்னை மறந்து அமர்ந்திருந்த செய்தியை நாம் அறிவோம். பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணான பின்னும் அவர் அசையவில்லை. ஆயினும், இன்ன ஆசனத்தில்தான் அமர வேண்டும் என்று அவர் எவரையும் வற்புறுத்தியதில்லை. பிற்காலத்தில் மூட்டுவலியால் துன்புற்ற அவர், சாய்விருக்கையில் காலை நீட்டி அமர்ந்தும் அன்பர்களைச் சந்தித்தார்.

இன்றைய படித்த நடுத்தர வர்க்கத்தின் சிக்கல் வேறு. உணவு மேசை, அலுவலக நாற்காலி, வாகன இருக்கை, மேலைநாட்டுக் கழிப்பறை என்று நாள் முழுவதும் இடுப்பு ஏறத்தாழ 90 பாகையிலேயே நிற்கிறது. கீழ் முதுகிலிருந்து இடுப்பின் வழியே தொடைக்குச் செல்லும் தசை சுருங்கியே கிடக்கிறது. பிட்டத் தசைகள் வேலையின்றித் தளர்கின்றன. பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவும் சக ஆய்வாளர்களும் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொல்லி மதிப்பெண் இட்டனர். கையையோ முழங்காலையோ ஊன்றினால் மதிப்பெண் குறையும். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் மரணம் கூடுதலாக இருந்ததை 2012-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. தரையில் அமர்வது ஆயுளைக் கூட்டும் என்று இதற்குப் பொருளில்லை. தரையிலிருந்து ஊன்றாமல் எழ முடிவது உடல்நலத்தின் நல்ல அளவுகோல் என்பதே பொருள்.

தான்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களைப் பற்றிய ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. அவர்களும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 மணி நேரம் ஓய்வு நிலையில்தான் இருக்கிறார்கள். ஆனால், அந்த ஓய்வின் கணிசமான பகுதி குத்தவைத்தும் மண்டியிட்டும் கழிகிறது. அப்போது கால் தசைகள் நாற்காலியில் இருப்பதுபோல் முற்றிலும் ஓய்ந்துவிடுவதில்லை.

இவற்றைப் படித்ததும், பழைய வாழ்க்கையே சிறந்தது, கிராமத்துப் பெண்களுக்கு யோகா எதற்கு, அவர்கள் செய்யும் வேலையே யோகாதானே என்று சிலர் முடிவுகட்டிவிடுகின்றனர். கேட்க இனிமையான கூற்று, ஆனால் தவறானது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழை மறைவுப் பகுதி. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்கள் குறைவு. பருத்தி, மிளகாய், உளுந்து, குதிரைவாலி, மக்காச்சோளம் எல்லாம் வானத்தை நம்பியவை. மழை விழுந்த சில வாரங்களுக்குள் களையெடுத்தாக வேண்டும். களைக்கொத்துடன் குத்தவைத்தும் குனிந்தும் நகர்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஊர்ப் பெயரையே ‘அரும்புக்கோட்டை’ என்று விளக்குமளவுக்குப் பெயர் பெற்ற மல்லிகையும் அவ்வாறே. மொட்டு விரியும் முன் பறிக்க வேண்டும். செடியோ இடுப்புயரத்துக்கும் தாழ்ந்தது. சீமைக்கருவேலத்தை வெட்டித் தூர் தோண்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலையிலும் சுமப்பதும் குனிவதுமே மிகுதி. நெசவாளர் வீடுகளில் குழித்தறியில் அமர்பவர் கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதியை மாறி மாறி மிதித்து, உடல் எடை முழுவதையும் அமரும் எலும்புகளில் தாங்குகிறார். விசைத்தறிக்கு மாறியவர் நாள் முழுவதும் நின்றே பொழுதைக் கழிக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு குடம் வைப்பதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பிளாஸ்டிக் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர் கொள்ளும். அதாவது 15 கிலோ. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கால்தான் தரையில் ஊன்றியிருக்கிறது. அந்தக் கணத்தில் இடுப்பு மூட்டில் விழும் அழுத்தம், சுமை ஏதுமின்றியே உடல் எடையைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. ஒரு பக்கம் குடம் ஏறினால் முதுகெலும்பு மறுபக்கம் வளைகிறது. எதிர்ப்பக்கத் தசைகள் இரட்டிப்பு வேலை செய்கின்றன. தாமிரவருணித் தண்ணீர் குழாய் வழியே வந்ததும், நாலைந்து குடங்களை ஒருசேரத் தள்ளிச் செல்லும் இரும்புத் தள்ளுவண்டி ஊர்தோறும் பரவியதும் இப்பகுதிப் பெண்களின் இடுப்புக்குச் செய்த நன்மை பெரிது. எந்த நலத்திட்டப் பட்டியலிலும் இந்த நன்மை கணக்கிடப்படவில்லை.

வேலைக்கும் யோகாவுக்கும் உள்ள வேறுபாடு, உடல் எடுக்கும் கோணத்தில் இல்லை. நேரத்திலும் மூச்சிலும் மாற்றிலும் இருக்கிறது. மைசூரிலும் பின்னர் சென்னையிலும் பயிற்றுவித்த டி.கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில், ஓர் ஆசனத்துக்குப் பின் அதன் விளைவைச் சமன் செய்யும் மாற்று ஆசனம் வலியுறுத்தப்படுகிறது. முன்னே குனிந்தால் அதற்கு ஈடாக மென்மையாகப் பின்னே வளைய வேண்டும். இடையில் ஓய்வும் வேண்டும். வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம். களையெடுக்கும் பெண்ணுக்கு இந்த மூன்றும் இல்லை. பாத்தி முடியும் வரை ஒரே நிலை. நிமிர்ந்து நின்றால் வரிசையில் பின்தங்குவார். நிறுத்திக்கொண்டால் கூலி இல்லை.

விளைவுகளை ஆய்வுகள் காட்டுகின்றன. பெய்ஜிங் நகர முதியோரிடையே நடந்த ஆய்வுகளில் இடுப்பு மூட்டுத் தேய்மானம், அமெரிக்க வெள்ளையரைவிட 80 முதல் 90 விழுக்காடு குறைவாக இருந்தது. அதே நகர முதியோரில், இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குத்தவைத்து அமர்ந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் கூடுதலாகக் காணப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், நெடுநேரம் மண்டியிட்டோ குத்தவைத்தோ வேலை செய்வதால் முழங்கால் குருத்தெலும்பு வட்டில் நேரும் பாதிப்பு வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. அதாவது, பத்மாசனத்தை வலிந்து முயல்பவர் கிழித்துக்கொள்ளும் அதே வட்டு, களத்தில் நெடுநாள் உழைப்பவருக்கும் சேதமாகிறது. முன்னவர் தாமாகத் தேடிக்கொண்டார். பின்னவருக்கு வேறு வழியில்லை.

பேசப்படாத இன்னொரு துன்பம் கருப்பை இறக்கம். பெண்கள் தமக்குள் ‘அடி இறங்கிவிட்டது’ என்று தாழ்ந்த குரலில் சொல்வது இதைத்தான். பலமுறை மகப்பேறு, பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே சுமை தூக்குதல், தீராத இருமல், மலச்சிக்கல் ஆகியவை இடுப்புத்தளத் தசைகளை வலுவிழக்கச் செய்கின்றன. டி.கே.சுந்தரி ரவீந்திரன் முதலானோர் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வு இத்துன்பத்தை ஆவணப்படுத்தியது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பெருமளவில் கருப்பையை அகற்றிக்கொள்வதாக எழுந்த செய்திகளை அடுத்து, 2019-இல் அம்மாநில அரசு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. தொடக்க நிலை இறக்கத்தின் தொல்லைகளை முறையான தசைப் பயிற்சி குறைக்கும் என்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. அந்தப் பயிற்சிக்குப் பணமும் கருவியும் தேவையில்லை. சொல்லித்தர ஒருவர்தான் தேவை.

பொருளியலில் தேய்மானம் என்றொரு கருத்து உண்டு. இயந்திரம் இயங்க இயங்கத் தேயும். எனவே ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். நம் வருமான வரி விதிகளும் பொதுவகை இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானத்தை ஏற்கின்றன. விசைத்தறிக்கு அந்தச் சலுகை பொருந்தும். அத்தறியின் முன் நிற்பவரின் இடுப்புக்குப் பொருந்தாது. தியோடர் சூல்ட்ஸ், கேரி பெக்கர் ஆகியோர் கல்வியையும் உடல்நலத்தையும் மனித மூலதனம் என்றனர். மூலதனம் என்று ஒப்புக்கொண்ட பின், அதன் தேய்மானத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. இன்றைய நிலையில் அந்தச் செலவை உழைப்பவரின் முதுமைதான் ஏற்கிறது. மிளகாயின் விலையிலும் மல்லிகையின் விலையிலும் அது சேர்வதில்லை.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, கருவி. நின்றபடியே களையெடுக்க உதவும் நீண்ட கைப்பிடிக் கருவிகள் மானாவாரி நிலத்துக்கென ஏற்கெனவே உள்ளன. வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டையிலேயே இருக்கிறது. விளைச்சலையும் விதையையும் அளப்பதுபோல், ஒரு கருவி பெண்ணின் இடுப்புச் சுமையை எவ்வளவு குறைக்கிறது என்பதையும் அளந்து பரவலாக்கலாம்.

இரண்டாவது, மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கேட்டறியும் பெண் தன்னார்வலர், சிறுநீர் கசிவு உண்டா, அடி இறக்கம் உண்டா என்று ஆதரவாகக் கேட்கவும், தொடக்கப் பயிற்சியைக் கற்றுத்தரவும் பயிற்சி பெறலாம். 2022 முதல் இயங்கும் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி அதற்குத் துணைநிற்கலாம்.

மூன்றாவது, ஓய்வு. தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்ணுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு ஊதியத்துடன் கிடைக்கிறது. விவசாயக் கூலிப் பெண்ணுக்கு, 1987-இல் தொடங்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் கீழ், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. நல்ல திட்டம். ஆனால் அது எத்தனை நாள் கூலிக்கு ஈடாகும் என்று கணக்கிட்டால், அவர் எவ்வளவு சீக்கிரம் மீண்டும் சுமை தூக்க வேண்டியிருக்கும் என்பது புரியும். தசைகள் தேற வேண்டிய காலத்தை அடிப்படையாகக் கொண்டு அத்தொகையை நிர்ணயிப்பதே நியாயம்.

நான்காவது, கல்வி. பள்ளிகளில் பலகை வந்தது வரவேற்கத்தக்கதே. அத்துடன் நாளில் சிறிது நேரம் தரையில் அமர்ந்து எழும் பழக்கத்தையும் உடற்கல்வியில் வைத்துக்கொள்ளலாம். முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கிக் குனிவது எப்படி, சுமையை உடலோடு ஒட்டித் தூக்குவது எப்படி என்பதைப் பதின்பருவத்திலேயே கற்பித்தால், நாளை அவர்கள் அலுவலகத்துக்குச் சென்றாலும் வயலுக்குச் சென்றாலும் அது உதவும்.

நகரத்து வாசகர் ஒருவர் தம் அளவில் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழலாம். ஒருவேளை உணவையாவது, மூட்டு இடம் கொடுத்தால், தரையில் அமர்ந்து உண்ணலாம். முழங்காலில் வலி எழுந்தால் அந்த ஆசனத்தை அத்துடன் விட்டுவிடலாம். செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தப்பட்டவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கலாகாது.

நாற்காலியில் முடங்கியவருக்கு இடுப்பின் அசைவு தேவைப்படுகிறது. காட்டில் உழைப்பவருக்கு அதன் ஓய்வு தேவைப்படுகிறது. முன்னவருக்கு வழிகாட்ட நூல்களும் வகுப்புகளும் நிறைய இருக்கின்றன. பின்னவருக்கு ஒரு நீண்ட கைப்பிடிக் களைக்கருவியும், கூலி குறையாத கால் மணி நேர இடைவேளையும், கேட்டறிய ஒரு செவிலியரும் கிடைத்தால், அடுத்த ஜூன் 21 திருச்சுழிக்கும் பொருளுள்ள நாளாகும்.